ஒரு கை தவிடு

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கதை கட்டுவதற்கு முதலில் நேரம் வேண்டும். எனக்கு நான்கு பிள்ளைகள். உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பியைச் சூடாகக் குடித்தே ஒன்பது வருடம் ஆகிறது.

என் பெயர் சிவப்ரியா. தாழக்குடிக்குப் பக்கத்தில் வீடு. கணவர் ஸ்ரீஜித்துக்கு மஸ்கட்டில் வேலை. வருடத்தில் ஒரு மாதம் வருவார். மற்ற பதினொரு மாதமும் அவர் போனுக்குள் இருக்கிற அப்பா. மூத்தவன் ஆதர்ஷ், நான்காம் வகுப்பு. அடுத்தவன் நிதின், இரண்டாம் வகுப்பு. மூன்றாவது ரஷ்மி, யூகேஜி. கடைசி மீனு. மறைந்த என் மாமியார் மீனாட்சியம்மாளின் பெயரை வைத்து, மீனு என்று சுருக்கிக்கொண்டோம்.

எங்கள் வீட்டுக் காலை எப்படி என்று தெரிந்தால்தான் நடந்தது புரியும். ஏழரைக்கு ஸ்கூல் வேன். ஏழு மணிக்கு ஒருவனுக்கு பெல்ட் காணாமல் போகும். ஏழு பத்துக்கு இன்னொருவனுக்கு, இன்று சார்ட் பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்று ஞாபகம் வரும். ரஷ்மி ஒரு காலில் சாக்ஸோடு கக்கூஸில் இருந்து கத்துவாள். மீனு தொட்டிலில் அழுவாள். தோசை கருகும். பேய்க்குப் பயப்பட வேண்டும் என்றாலும் வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் பேய் வந்தால் அதன் கையிலும் ஒரு டிபன் பாக்ஸைக் கொடுத்துவிடுவேன் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ரஷ்மிக்கும் மீனுவுக்கும் நடுவில் எனக்கு ஒரு பையன் பிறந்தான். நாற்பது நாள் இருந்தான். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது. மீனு பிறந்தபோது அதனால்தான் எனக்கு சந்தோஷத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பயந்தபடியே அவளுக்கும் நெஞ்சுச் சளி. ஆறு மாதம் முடிவதற்குள் மூன்று தடவை ஆஸ்பத்திரி. மூன்றாவது தடவை டிஸ்சார்ஜ் ஆகி வந்த வாரம், கணவரின் அக்கா அஜிதா மைனி வீட்டுக்கு வந்தார். நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

"மருந்து ஒரு பக்கம் குடு. பிள்ளைய நாம தவிட்டுக்கு வித்து வாங்குவோம்," என்றார்.

"மைனி, நீங்க கணக்கு டீச்சர்."

"ஆமா. ஒண்ணு போயாச்சுங்கிற கணக்கும் எனக்குத் தெரியும்."

சரி என்று தலையாட்டினேன்.

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் இது. அடுத்த பிள்ளையைத் தெருவோடு போகிற யாராவது ஒருத்திக்கு ஒரு கை தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். அவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அந்த நேரம் அது அவள் பிள்ளை. பிறகு அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், அதே தவிட்டைப் பெற்றவள் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கிய பிள்ளை என்று நினைத்து வருகிற தீங்கு திரும்பிப் போய்விடுமாம். எவ்வளவோ பேரை இப்படி வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் மத்தியானத்துக்குமேல் ராஜபாய் அக்கா மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளிதான், கொண்டுவருவார். ஐம்பது வயது இருக்கும். நெய்யூர் பக்கத்தில் இருந்து விடியற்காலை பஸ்ஸில் வடசேரிக்கு வந்து, தலையில் கிழங்கு நிறைந்த ஓலைக் கடவத்தோடு ஊர் ஊராக நடந்து விற்பவர். எங்கள் தெருதான் அவருக்குக் கடைசி. இங்கே விற்றுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். மைனி அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நாங்க வேதக்காரங்களாக்கும். எனக்கு இதிலெல்லாம் விசுவாசம் இல்ல கேட்டியளா," என்றார் ராஜபாய் அக்கா. ஆனால் பார்வை என் இடுப்பில் இருந்த மீனுவின் மேல்தான் இருந்தது. "பிள்ளைக்கு நல்லதுன்னா நான் வாங்குதேன். எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளையளு."

கடவத்தை இறக்கி வைத்தார். 'தொப்' என்று ஒரு சத்தம். கையைக் கழுவி முந்தியில் துடைத்தார். மைனி முறத்தில் வைத்திருந்த தவிட்டில் ராஜபாய் அக்கா ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். நான் மீனுவைக் கொடுத்தேன். ராஜபாய் அக்கா படியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு முந்தியால் மூடினார். அதுவரை இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் அந்த மடியில் அமைதியானாள்.

"மோளே... எனக்க மோளே..." என்றார். மகளை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கொஞ்ச நேரம் இருக்கட்டும், உடனே வாங்கக்கூடாது என்றார் மைனி. சரி என்று நின்றோம். நின்றது இரண்டு நிமிடம்கூட இருக்காது. நிதின் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மதிலில் இருந்து குதித்தான். பாராசூட்டாம். தாடை படியில் இடித்துப் பிளந்தது. சட்டை முழுக்க ரத்தம்.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். ஆட்டோ, துண்டு, பர்ஸ், பக்கத்து வீட்டில் ஆதர்ஷையும் ரஷ்மியையும் தள்ளிவிட்டது... ராஜபாய் அக்காவின் மடியில் இருந்து மீனுவைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன்.

"பிள்ளே... தவிடு?" என்று அவர் பின்னால் இருந்து கேட்டது காதில் விழுந்தது.

"இப்ப வாறோம். நில்லுங்கக்கா!" என்று கத்தினேன். மைனி கடைசியாக வந்து ஏறினார்.

ஆறு தையல். வீட்டுக்குத் திரும்பியபோது நன்றாக இருட்டியிருந்தது. வாசலில் யாரும் இல்லை. எனக்கும் எதுவும் நினைவில் இல்லை. நிதினுக்குக் கஞ்சி வைக்கவேண்டும், மீனுவுக்கு மருந்து கொடுக்கவேண்டும், ரஷ்மியின் யூனிபார்ம் துவைக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கிழங்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வேறு தெருவுக்குப் போகிறார் போல என்று நினைத்து வடசேரிச் சந்தையில் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

மீனுவுக்குச் சளி போய்விட்டது. ஒரே வாரத்தில். மூச்சிழுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. மைனி போனில், "பாத்தியா?" என்றார். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன்.

செப்டம்பர் கடைசியில்தான் முதல் தடவை தொட்டிலில் தவிட்டைப் பார்த்தேன்.

தொட்டில் சேலையின் மடிப்பில் கொஞ்சம் இருந்தது. ஒரு கை அளவுதான். எறும்பு வரிசை கட்டியதால் கண்ணில் பட்டது. நிதின்தான் விளையாட்டுக்குப் போட்டிருப்பான் என்று உதறிவிட்டு முதுகில் ஒன்று வைத்தேன். "நான் இல்லம்மா, சத்தியமா," என்றான். இந்த வீட்டில் நாளைக்கு நாற்பது சத்தியம் நடக்கும். நான் நம்பவில்லை.

மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். சேலையை மாற்றினேன். புதுச் சேலையிலும் இருந்தது. அப்போது எங்கள் வீட்டில் தவிடே இல்லை. மைனி கொண்டுவந்ததை அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போட்டாயிற்று. இது பிறகுதான் என் புத்தியில் உறைத்தது.

இன்னொன்று. மீனு பெயர் சொன்னால் திரும்புவதில்லை. மற்ற மூன்று பேரும் அந்த வயதில் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பிச் சிரிப்பார்கள். இவள் பாத்திர மூடியை உருட்டிக்கொண்டே இருப்பாள். "மீனு... மீனுக்குட்டி..." ஒன்றும் இல்லை. காதில் கோளாறோ என்று பதறி டாக்டரிடம் கொண்டுபோனேன். டெஸ்ட் எடுத்தார்கள். காது நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். சின்னச் சத்தத்துக்கும் திரும்புகிறாளாம். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்குங்கள்," என்றார். வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுகிறேன் நான்?

அக்டோபரில் அவள் என்னிடம் பால் குடிப்பதை நிறுத்தினாள். முகத்தை அப்படியே திருப்பிக்கொள்வாள். புட்டிப் பாலும் வேண்டாம். ராகிக் கூழ் இரண்டு கரண்டி, அவ்வளவுதான். பயந்துபோய் எடை பார்க்கப் போனேன்.

ஒரு மாதத்தில் எழுநூறு கிராம் கூடியிருந்தாள்.

"அம்மாவுக்கு சும்மா கவலை. நல்லாதானே குடுக்கறீங்க," என்று நர்ஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் கொடுக்கவில்லை. பிறகு யார் கொடுத்தார்கள்?

பிள்ளையைத் தூக்கினால் ஒரு வாசனையும் வந்தது. பால் வாசனை இல்லை, பவுடர் வாசனை இல்லை. அப்போதுதான் பிடுங்கிய கிழங்கில் ஒட்டியிருக்கிற ஈர மண்ணின் வாசனை. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டிய தண்ணீரின் அடியில் சிவப்பாக மண் படிந்தது. நடு ஹாலில், டைல்ஸ் தரையில், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை...

ஒருநாள் சாயங்காலம் ரஷ்மி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மோளே... மோளே..."

கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

"ஏட்டி, யாருட்டி இப்படி சொல்லித் தந்தது?"

"அவங்க."

"எவங்க?"

"கேட்டுகிட்ட வந்து நிப்பாங்கல்லா. வெளக்கு போடும்போ."

"தினமுமா?"

ரஷ்மி தலையாட்டினாள். பிறகு டி.வி. பார்க்க ஓடிவிட்டாள்.

கணவரிடம் சொன்னேன். "உனக்கு ஒறக்கம் பத்தலடி," என்றார். உண்மைதான். எனக்கு உறக்கம் போதவில்லை. அதனால்தான் நானும் அவர் சொன்னதை நம்பப் பார்த்தேன்.

நவம்பர் மாதம். இரண்டு நாளாக விடாத மழை. கலெக்டர் லீவு விட்டிருந்தார். காலையில் இருந்து நான்கு பேரும் வீட்டுக்குள். ஆறு மணிக்கெல்லாம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆறரைக்கு கரண்ட் போனது.

எமர்ஜென்சி லைட்டை அடுக்களையில் வைத்து தோசை ஊற்றினேன். ஆதர்ஷும் நிதினும் ரஷ்மியும் அடுப்பைச் சுற்றித் தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மீனு ஹாலில் தொட்டிலில். அடுக்களையில் நின்று எட்டிப் பார்த்தால் தொட்டில் சேலை தெரியும்.

கிரீச்... கிரீச்...

தொட்டில் ஸ்பிரிங். யாரோ மெதுவாக ஆட்டுகிறார்கள்.

"ஆதர்ஷ், போதும்லே. அவ ஒறங்கட்டும்," என்றேன் தோசையைத் திருப்பிக்கொண்டே.

"அம்மா, நான் இங்கல்லா இருக்கேன்."

திரும்பினேன். மூன்று பேரும் தரையில். மூன்று தட்டு. மூன்று வாய் மெல்லுகிறது.

கிரீச்... கிரீச்...

அப்போது இன்னொரு சத்தம். ஸ்பிரிங் தொட்டில் வைத்திருக்கிற எந்தத் தாய்க்கும் தெரியும். பிள்ளையைத் தூக்கினால் பாரம் போய் ஸ்பிரிங் மேலே சுருங்கும்.

டங்.

யாரோ என் பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தொட்டில் காலி. சேலை மட்டும் மேலும் கீழும் ஆடுகிறது. உள்ளே கை விட்டேன். இளஞ்சூடு. கையில் தவிடு ஒட்டியது.

வாசல் கதவு திறந்திருந்தது. பூட்டியிருந்தேன். நானே பூட்டினேன்.

வெளியில் மழை இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளும் கேட்டது.

தொப்.

பாரமான எதையோ தரையில் இறக்கி வைக்கிற சத்தம்.

செருப்புகூட இல்லாமல் முற்றத்தில் இறங்கினேன். மின்னல் வெட்டியது. கேட் திறந்து கிடந்தது.

கேட்டுக்கு நடுவில் மீனு.

நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது மாதப் பிள்ளை. தவழக்கூட ஒழுங்காகத் தெரியாது. முதுகு எனக்கு. முகம் தெருவுக்கு. இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள்.

யாரோ தூக்கப் போகிறார்கள் என்று நிற்கிற நிற்பு.

தெருவில் யாரும் இல்லை.

நான் தெப்பமாக நனைந்துவிட்டேன். அவள் தலைமுடி காய்ந்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது. அவளைச் சுற்றி மழை விழுந்தது. அவள்மேல் விழவில்லை. யாரோ முந்தியால் மூடியிருப்பதுபோல.

பின்னால் இருந்து கட்டிப்பிடித்துத் தூக்கினேன்.

வரவில்லை...

மறுபக்கம் யாரோ பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. முரட்டுப் பிடியும் இல்லை. பிள்ளைக்கு வலிக்கக்கூடாது என்று பார்த்துப் பிடிக்கிற பிடி. பிள்ளை பெற்றவளின் பிடி.

அதுதான் என்னை உடைத்தது.

"எனக்க பிள்ளை... விடுங்க... எனக்க பிள்ளை..."

ஈர மண் வாசனை மட்டும் முகத்துக்கு நேராக வந்தது.

"அம்மா!" என்று ஆதர்ஷ் வாசலில் நின்று அலறினான்.

பிடி தளர்ந்தது. நான் பிள்ளையோடு சகதியில் விழுந்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. மீனு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வீறிட்டாள். தெரியாத ஆள் தூக்கினால் பிள்ளைகள் அழுவார்களே, அந்த அழுகை. என் மார்பைக் கையால் தள்ளிக்கொண்டு கேட்டைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி நீட்டி அழுதாள். என்னிடம் இருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி.

உள்ளே வந்து கதவைப் பூட்டியபோது கரண்ட் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நாற்பத்தைந்து. அடுப்பில் தோசை கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மைனிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிரியா, அண்ணைக்கு நீ தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டுதானே பிள்ளைய வாங்கின?"

"நான் இல்ல மைனி. பின்னால நின்னது நீங்கல்லா. நீங்க குடுத்திருப்பீங்கன்னு..."

"நான் நீ குடுத்தன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் கொடுக்கவில்லை. என் கையில் இருந்த தவிடு ஓடுகிற ஓட்டத்தில் எங்கே கொட்டியது என்றுகூடத் தெரியவில்லை. நாங்கள் விற்ற பிள்ளையைத் திரும்ப வாங்கவே இல்லை. வாங்கியவள் மடியில் இருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். தொட்டிலில் தினம் விழுந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. அவள் விலையைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாள் மூன்று பேரையும் வேனில் ஏற்றிவிட்டு, மீனுவைத் தூக்கிக்கொண்டு நானும் மைனியும் வடசேரிச் சந்தைக்குப் போனோம். எப்படியாவது ராஜபாய் அக்காவைப் பிடித்து, காலில் விழுந்தாவது தவிட்டைக் கொடுத்துவிட வேண்டும். கிழங்கு விற்கிற இன்னொரு பெண்ணிடம் விசாரித்தோம்.

"ராஜபாயா? மரிச்சு மூணு மாசமாவுதே. ஒங்களுக்குத் தெரியாதா?"

மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நெய்யூர் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் சின்ன ஓட்டு வீடு. அவர் கணவர் ரசலையன் தனியாக இருந்தார். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். உட்காரச் சொல்லி, கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். நாங்கள் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"ஒங்க வீடுதானா அது," என்றார் கடைசியில். "ஒரு வீட்டில என்னப் பாக்க வருவாங்க, நிக்கச் சொல்லியிருக்குன்னு போன்ல சொன்னா. நின்னு நின்னு நேரம் இருட்டிப் போச்சு. எப்பவும் போற பஸ்ஸு போயாச்சு. அடுத்த பஸ்ஸுக்கு ரோட்டக் கடந்தப்போ வண்டி தட்டிட்டு. அங்கேயே தீந்துட்டா."

அதே சனிக்கிழமை. நாங்கள் நிதினோடு ஆஸ்பத்திரியில் இருந்த நேரம்.

மன்னிப்பு என்கிற வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் எங்களைக் குற்றம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் மீனு என் மடியில் இருந்து நழுவி இறங்கி, அவர் பக்கம் தவழ்ந்து போய் முழங்காலைப் பிடித்தாள். யாரிடமும் போகாத பிள்ளை. அவர் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"இந்தத் தவிட்ட நீங்க வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி," என்று மைனி கெஞ்சினார்.

"வாங்கினது அவளாக்கும். நான் எப்பிடி விக்க முடியும்?" என்றார். "எங்க விசுவாசத்தில இதெல்லாம் கிடையாதும்மா. ஆனா ஒங்க மனசுக்கு வேண்டி வாறேன்."

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். சிமென்ட் இன்னும் புதிதாக இருந்தது. நான் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுபோன தவிட்டைத் தலைமாட்டில் வைத்தேன். "பிள்ளையத் திருப்பித் தந்துடுங்கக்கா," என்றேன். மைனியும் நானும் அழுதோம். ரசலையன் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். மழை தூறியது. தவிடு நனைந்து கறுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் விளக்கேற்றினேன். கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். மீனுவை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. ஆறு நாற்பது ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ஏழு மணி ஆனது. பிள்ளைகள் ரிமோட்டுக்குச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மீனுவைப் போட தொட்டில் சேலையை விரித்தேன்.

உள்ளே ஒரு கை தவிடு.

நனைந்து கறுத்த தவிடு. அதில் சிவப்பு மண். சிரட்டையோடு நான் அங்கே வைத்துவிட்டு வந்த அதே தவிடு...

அவள் விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மைனி கோயில் கோயிலாக ஏறினார். கணவர் இருபது நாள் லீவில் வந்து இரவும் பகலும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் கண் முன்னாலேயே தவிடு விழுந்தது. விழுவதை யாரும் பார்க்கவில்லை. இமைத்த நேரத்தில் அங்கே இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "நாம என்ன செய்யதுக்கு, பிரியா?" என்று கேட்டார். உறக்கம் போதாத ஆள் இப்போது நாங்கள் இரண்டு பேரும். லீவு முடிந்ததும் அவர் போய்த்தான் ஆகவேண்டும். போனார்.

மீனு நன்றாக வளர்ந்தாள். அதுதான் கொடுமை. நோய் இல்லை, நொடி இல்லை. ஆனால் என்னிடம் வரமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒரு வயது நிறைந்தபோது கேக் வெட்டினோம். எல்லோரும் பெயர் சொல்லிப் பாட்டுப் பாடினார்கள். யாருக்கோ பாடுகிறார்கள் என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் ரசலையன் போன் செய்தார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார்.

"மக்கா, அண்ணைக்கு ஒரு காரியம் சொல்லாம விட்டுட்டேன். நீங்க வெஷமப்படுவீங்கன்னுதான். அவ மரிச்ச அண்ணைக்கு பஸ் ஸ்டாப்பில நின்னு அவ கடைசியா கூப்பிட்டால்லா... அப்ப ஆறு நாப்பது இருக்கும். சிரிச்சிட்டே சொன்னா. 'ஓய், நான் இன்னைக்கு ஒரு பெண்பிள்ள வாங்கியாச்சு. பேரும் வச்சாச்சு'ன்னு."

"என்ன பேரு?" என்று கேட்டேன்.

"எங்களுக்குப் பெண்பிள்ள பெறந்தா வைக்கணும்னு அவ எடுத்து வச்சிருந்த பேரு. பெபிஷா."

போனை வைத்தேன்.

மத்தியானம். மூன்று பேரும் பள்ளியில். வீட்டில் நானும் மீனுவும்தான். ஹாலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாத்திர மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மீனு..."

மூடி உருண்டது.

"மீனாட்சி... மீனுக்குட்டி... அம்மா கூப்பிடுதேன்லா..."

மூடி உருண்டது.

சொல்லக்கூடாது என்று மனது அடித்துக்கொண்டது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ஆனால் ஆறு மாதமாக என் பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பெற்றவர்களுக்குத்தான் அது புரியும்.

கையை எடுத்தேன்.

"பெபிஷா..."

மூடி நின்றது.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். நான்கு பல்லும் தெரியச் சிரித்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தத்தித் தத்தி, முதல் தடவையாக என்னிடம் நடந்து வந்தாள்.

வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் நான் அவளை அப்படிக் கூப்பிடுகிறேன். அப்போதுதான் வருகிறாள். என் கையால் சாப்பிடுகிறாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்குகிறாள். கணவருக்கும் தெரியாது, மைனிக்கும் தெரியாது.

அந்தப் பெயரை நான் சொன்ன நாளில் இருந்து தொட்டிலில் தவிடு விழுவதில்லை.